கூடையை இறக்கியவளுக்கு அழகு வேண்டாமா?

ஹட்டனிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டம். மாரியம்மன் திருவிழா நாள். ஒரு லயத்தின் முன்னால் நாம் நின்றிருந்தோம். இஸ்தோப்பின் ஓரமாகத் துருப்பிடித்த பால்மாத் தகரங்கள் ஏழெட்டு. அவற்றில் டேலியாக்கள் செக்கச் செவேலென்று பூத்திருந்தன. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு மூதாட்டி கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை. நரைத்த கொண்டையில் தம் தகரத்திலே பூத்த ஒரு பூ. மூக்கில் பழைய சிவப்புக்கல் மூக்குத்தி. பேத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "அப்படி இல்லடி, மடிப்பு வெளியில தெரியணும்" என்று அவர் கண்டிப்பாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

எம்முடன் வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர், உழைக்கும் மக்கள்பால் உண்மையான பற்றுள்ளவர், தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூரை ஒழுகுது, அப்பாயிக்கு அலங்காரம் கேட்குது."

இச்சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாம் போயிருக்கலாம். ஆனால் இது ஒருவரின் வாய் தவறிய பேச்சு அன்று. முற்போக்கு முகாமில் நெடுநாளாக உலவிவரும் ஒரு மனப்பான்மை இதில் பேசுகிறது. வறியவருக்கு முதலில் சோறு, அடுத்துக் கூரை, அதன்பின் படிப்பு. அழகு என்பது எல்லாம் முடிந்தபின் வரவேண்டிய சில்லறை விஷயம். அதிலும் வயது முதிர்ந்த ஏழைப் பெண்ணுக்கு அது வரவே வேண்டியதில்லை என்பதுதான் அம்மனப்பான்மை. இதனை நாம் எதிர்க்கிறோம். இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் தோட்டத்துரையின் கணக்குப் புத்தகத்தையும், அதற்கும் அப்பால், கடல் கடந்த ஒரு சாதிக் கட்டளையையும் கண்டடைவோம்.

மலையகத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டி அனுப்பிய தமிழக மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே தொங்குமாறு வேட்டி கட்டலாகாது, சட்டை போடலாகாது, குடையும் செருப்பும் ஆகா. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கலாகாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கலாகாது, பூச் சூடலாகாது. இக்கட்டளையை மீறிய மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நெடுங்காலம் போராடி, 1859 இல் அரச பிரகடனம் பெற்ற வரலாற்றையும் நாம் அறிவோம்.

ஆளும் கூட்டத்தாருக்கு எது ஆபத்தென்று நன்றாகத் தெரியும். தலையில் ஒரு முழம் பூ ஆபத்தில்லாத பொருளாயின், அதைத் தடுக்க ஒரு கட்டளை எதற்கு? தன் உடம்பை அழகுபடுத்திக்கொள்பவள் அந்த உடம்பு தனக்கு உரியது என்று அறிவிக்கிறாள். அடிமை வைத்திருப்பவன் சகிக்க முடியாத அறிவிப்பு அது. கப்பலேறி இந்த மலைகளுக்கு வந்த மக்களில் பெரும் பகுதியினர் இத்தகைய ஒடுக்குமுறைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்தவர்கள். சாதியும் அவர்களோடு கப்பலேறி வந்தது. லயங்களையும் அது பங்குபோட்டது. அப்படியிருக்க, அந்த மூதாட்டியின் கொண்டைப் பூவைப் பார்த்து, "இவளுக்கு எதற்கு?" என்று கேட்பவர், தம்மை அறியாமலே யாருடைய கேள்வியைக் கேட்கிறார் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

இனித் துரையின் கணக்கைப் பார்ப்போம். அரிசியையும் கம்பளியையும் பற்று எழுதிக் கொடுத்து, அக்கடனிலேயே ஆளைக் கட்டிவைத்த அமைப்பு கங்காணி முறை. அக்கணக்கில் மனிதருக்குத் தேவை மூன்று: மறுநாள் வேலைக்கு எழுந்து வருவதற்கான உணவு, குளிரில் செத்துப்போகாதிருக்க ஒரு கம்பளி, படுத்தெழும்ப 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா. அதற்கு மேற்பட்டதெல்லாம் ஆடம்பரம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை ஆள். பெயர் வெட்டப்பட்டால் ஆளே இல்லை. முதுமை என்ற பத்தியே அந்தப் புத்தகத்தில் கிடையாது. "முதலில் சோறு, அழகு பிறகு" என்று நாம் வரிசைப்படுத்தும்போது, அக்கணக்குப் புத்தகத்தைத்தான் சிவப்பு அட்டை போட்டு வாசிக்கிறோம்.

இதில் இன்னொரு பெரிய மோசடியும் அடங்கியிருக்கிறது. ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். கீழ்நாட்டிலிருந்து வாகனங்கள் வரிசையாக மலையேறும். 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாகப் பெயர்பெற்ற பூங்காவிலும், 1861 இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டத்திலும் மலர்களைக் காணக் கூட்டம் அலைமோதும். வழியெல்லாம் தேயிலை மலைகளைப் பார்த்து, "இயற்கையின் எழில்!" என்று வியப்பார்கள். அது அரை உண்மை. காடு இயற்கை, தேயிலை மலை உழைப்பு. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதலாக, காட்டை வெட்டியதும், கான் வெட்டியதும், நிரை பிடித்து நட்டதும், கவ்வாத்து வெட்டியதும், ஏழு எட்டு நாளுக்கொரு தடவை கொழுந்து கிள்ளிக் கிள்ளி அந்தச் செடிகளின் தலையைப் பச்சைக் கம்பளம்போல் மட்டமாக வைத்திருப்பதும் மனிதக் கைகள். அக்கைகளில் பெரும் பகுதி பெண்களின் கைகள். உலகமே வந்து ரசிக்கும் ஒரு மாபெரும் சித்திரத்தைத் தீட்டியவளுக்கு அழகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பது அறியாமை.

சுற்றுலா விளம்பரத்திலும் தேயிலைப் பெட்டியிலும் ஒரு பெண் சிரிக்கிறாள். இளம் பெண். பளிச்சென்ற சேலை, நகைகள், முதுகிலே கூடை. அந்தப் படத்தில் இடுப்பைச் சுற்றிய படங்கு இல்லை, காலில் அட்டை கடித்த இரத்தம் இல்லை, மழை இல்லை, கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்து நிற்கும் கவலை இல்லை. அவளுக்கு வயதாவதும் இல்லை. ஐம்பது வயதில் அவள் படத்திலிருந்து வெளியேற்றப்படுகிறாள். வேறொரு இளம் முகம் வந்துவிடுகிறது. முதலாளித்துவம் அவளது அழகை விற்கிறது. நாமோ அவளுக்கு அழகே எதற்கென்று கேட்கிறோம். இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: அவள் தனக்காக அழகாயிருக்கக் கூடாது.

ஆனால் அவள் இந்த இரண்டு பேரையும் கேட்டு நடந்தவள் அல்லள். இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்திலும் தலைத்துண்டை ஒருத்தி கட்டுவதுபோல் இன்னொருத்தி கட்டுவதில்லை. முடிச்சு எங்கே விழவேண்டும், துண்டின் கரை நெற்றியில் எவ்வளவு தெரியவேண்டும் என்பதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு தீர்மானம் உண்டு. தூரத்து நிரையில் நிற்பவள் யாரென்று முகம் தெரியாமலே முக்காட்டைக் கொண்டு சொல்லிவிடுவார்கள். செக்ரோல் அவளை ஓர் இலக்கமாக எழுதிவைத்தது. அவள் ஒரு முடிச்சினால் அந்த இலக்கத்தை மறுத்தாள். பெண்ணின் தனித்தன்மை என்று நாம் நூல்களில் படிக்கும் பொருள், புத்தகம் காணாத அந்த மலைச்சரிவில் நாள்தோறும் அதிகாலையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

1949 இல் பிறந்த ஒரு தோட்டப் பெண்ணை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். அவள் பிறப்பதற்கு முந்திய ஆண்டில் வந்த 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவள் இனத்தாரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது, 1964 அக்டோபர் 30 இல், சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கு பிரித்தது. இருபத்தைந்து வயதை எட்டிய 1973-74 காலத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1984 இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது; அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அதுவரை அதே மலையில், அதே மழையில், குறைந்த கூலிக்கு உழைத்தாள். 1988 சட்டத்திலும் விடுபட்டவர்களுக்காக 2003 இல் மீண்டும் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அப்போதுதான் தன் பெயரில் ஒரு நாட்டைக் கண்டிருந்தால், அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. நாடு கிடைத்தபோது கூடை இறங்கிவிட்டது.

இந்த வாழ்க்கையைக் கடந்து வந்த ஒருத்தி, எழுபத்தைந்து வயதில், சேலை மடிப்பு வெளியில் தெரியவேண்டும் என்று சொல்கிறாள். இதை அலங்கார மோகம் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

இங்கே நம் இலக்கியத்தைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி'யில் எழுதினார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதார். அந்த அழுகை தேவைப்பட்டது. அது பலரின் கண்ணைத் திறந்தது. ஆனால் அழுவதையே ஒரு மரபாக்கி, தோட்டப் பெண் என்றாலே கண்ணீர், கிழவி என்றாலே இருமல் என்று சூத்திரம் எழுதிக்கொண்டவர்களை நாம் மன்னிப்பதற்கில்லை. மலையகத்திலிருந்தே எழுந்த எழுத்தாளர்கள் இச்சூத்திரத்தை என்றோ உடைத்துவிட்டனர். சி. வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துக் காத்தார். கூலி உயர்வுக்காகப் போராடிய அதே மனிதருக்குத் தாலாட்டும் தெம்மாங்கும் வீண்வேலையாகத் தோன்றவில்லை. 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடினார். பாட்டைக் கேட்க வந்த மக்கள் உரிமையைக் கேட்கக் கற்றுக்கொண்டு போனார்கள். மாசியில் காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கருக்கும் வேடம் கட்டிய கைகள்தாம் 1940 இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டபோது சங்கக் கொடியைப் பிடித்தன. பாட்டையும் கூத்தையும் கழித்துவிட்டு இந்த மக்களின் போராட்ட வரலாற்றை எழுத முடியாது.

உலகத் தொழிலாளர் இயக்கமும் இதையே சொல்கிறது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று ராபர்ட் ஓவன் பகுத்தபோது, நாளின் மூன்றில் ஒரு பங்கை மனிதனின் சொந்த இன்பத்துக்கு ஒதுக்கினார். 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் உயிர் கொடுத்தது அந்த நேரத்துக்காகவுந்தான். மார்க்சின் மருமகன் போல் லபார்க் 1880 இல் எழுதிய நூலின் பெயரே 'சோம்பியிருக்கும் உரிமை'. ஆங்கிலச் சோஷலிஸ்டான வில்லியம் மோரிஸ் தம் கைகளால் துணியிலும் சுவர்த்தாளிலும் பூக்களை வரைந்தார். அழகு ஒரு சிலரின் சொத்தாக இருப்பதைத் தாங்காமலே புரட்சியை நாடினார். இவர்களையெல்லாம் வகுப்பறையில் மேற்கோள் காட்டும் நாம், லயத்து வாசலில் ஒரு டேலியாவைக் கண்டதும் முகம் சுளிக்கலாமா?

இனி அந்த முதுமையின் பொருளாதாரத்தைப் பார்ப்போம். 1983 இன் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். 30 ஆண்டு உழைத்தவளுக்கு 420 நாட் கூலி. 2024 இல் நிர்ணயிக்கப்பெற்ற 1350 ரூபாவைக் கொண்டு கணக்கிட்டாலும் 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. கூலி இதனினும் மிகக் குறைந்திருந்த காலத்தில் விலகியவர்கள் பெற்றது இதில் ஒரு சிறு துண்டு. இதனோடு 1958 இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி. அதனைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் பெறலாம். இரண்டும் ஒரே தடவையில் கைக்கு வந்து ஒரே தடவையில் போய்விடுகின்றன: அடகில் கிடந்த தோடு, மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம். அரசாங்க ஊழியருக்கு இருப்பதுபோல் மாதா மாதம் வரும் ஓய்வூதியம் அவளுக்கு இல்லை. ஆகவே இறக்கிய கூடையை மீண்டும் தூக்கிக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் மூதாட்டிகளை நாம் எந்தத் தோட்டத்திலும் காணலாம்.

குடும்ப இன்பமும் இப்படித்தான் சூறையாடப்பட்டது. 1964 ஒப்பந்தம் பாட்டியை இராமேஸ்வரத்துக்கும் பேரனை இந்தக் கரையிலுமாகப் பிரித்தது. தலைமன்னார்க் கப்பலுக்குப் போகும் வண்டியில் ஏற ஹட்டன் நிலையத்தில் நின்றவர்களும், வழியனுப்ப வந்தவர்களும் கட்டியழுத காட்சியை அக்காலத்தவர் இன்னும் மறக்கவில்லை. பின்னர் வறுமை அதே வேலையை வேறு விதமாகச் செய்தது. தாய் மத்திய கிழக்கில் ஒரு வீட்டின் பிள்ளையை வளர்க்கிறாள். அவள் பிள்ளையை அம்மாயி வளர்க்கிறாள். பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது முதுமையின் பேரின்பம் என்று நாம் எழுதுகிறோம். அவள் விரும்பி எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் அது இன்பம். முழங்கால் வலியோடு இரவும் பகலும் வேறு ஆளில்லாமல் தூக்கிச் சுமந்தால், அது கூலியில்லாத இன்னொரு பெரட்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாட்டியின் பாசத்தைப் போற்றுவது, அவள் உழைப்பை மறைப்பதாகும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "தகரத்து டேலியாவை இப்படிக் கொண்டாடினால், ‘பாருங்கள், அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்’ என்று கம்பனிகள் சொல்லாவா? வறுமைக்கு நீங்களே பூச்சூட்டுகிறீர்கள் அல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் சொல்லும் பதில் இது: அவளுடைய மகிழ்ச்சி யாருக்கும் தரப்பட்ட நற்சான்றிதழ் அன்று. அரைச் சாண் மண்ணில், ஒழுகும் கூரையின் கீழ், மிச்சமான நேரத்தில் அவள் இவ்வளவு அழகைப் படைக்க வல்லவளாயின், நிலமும் நேரமும் நிம்மதியும் அவளிடமிருந்து பறிக்கப்படாதிருந்தால் எவ்வளவு படைத்திருப்பாள்? அந்தத் தகரத்தைப் பார்க்கும்போது நாம் கணக்கிட வேண்டியது களவின் அளவை. துயரத்தை மட்டும் காட்டி நியாயம் கேட்பவன் பிச்சைக்கு இடம்வைக்கிறான். இழக்கப்பட்ட இன்பத்தைக் காட்டி நியாயம் கேட்பவன் கடனை அறவிட வருகிறான். நாம் கடனை அறவிடும் பக்கம் நிற்கிறோம்.

ஆகவே கோரிக்கைகளைத் திட்டமாகவே சொல்வோம். முதலாவது, நிலம். தோட்டங்களில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. வீடு போக மிஞ்சுவது 1350 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு இது முன்னேற்றந்தான். ஆனால் 200 ஆண்டுகளாக ஒரு நாட்டின் மலைகளையெல்லாம் பூங்காவாக்கித் தந்த சமூகத்துக்கு இது போதுமா? அந்தச் சிறு துண்டுக்கேனும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சட்டபூர்வமான காணி உறுதி வழங்கப்பட வேண்டும். தகரத்தில் நட்டவள் மண்ணில் நடட்டும். இரண்டாவது, மாத ஓய்வூதியம். கூடையை இறக்கியவள் அதை மீண்டும் தூக்காதிருக்க வேறு வழியில்லை. மூன்றாவது, தோட்டந்தோறும் முதியோர் கூடிப் பேசவும் பாடவும் ஓர் இடம். குழந்தைகளுக்குப் பிள்ளைமடுவம் உண்டு. முதியவர்களுக்குக் கோயில் திண்ணைகூட இல்லாத தோட்டங்கள் உண்டு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். 2023 இல் மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த நினைவு விழா மேடைகளில் தீர்ந்துவிடக் கூடாது. உங்கள் வகுப்பிலிருக்கும் பிள்ளையின் வீட்டில் ஓர் அம்மாயியோ அப்பாயியோ இருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாட்டை எழுதி வாருங்கள். அவர் கையில் பச்சை குத்தியிருந்தால் அதை யார், எங்கே குத்தினார் என்று கேளுங்கள். முதல் கூலியில் என்ன வாங்கினார், எந்த நகை எந்தக் கஷ்டத்தில் அடகுக்குப் போனது, அதில் எது திரும்பி வரவேயில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலையகத்தின் பொருளாதார வரலாற்றில் எந்த அறிக்கையிலும் இல்லாத அத்தியாயம் அந்தப் பதில்களில் இருக்கிறது.

அன்று அந்த இளம் ஆசிரிய நண்பருடன் நாம் நெடுநேரம் வாதாடினோம். கூரை ஒழுகுகிறது என்று அவர் சொன்னது உண்மை. அதை நாமும் மறக்கவில்லை. கூரைக்காக ஒரு மனு எழுதுவோம் என்று அவர் சொன்னார். எழுதுவோம் என்றோம். கூரைக்கு அடுத்த வரியில், வாசலுக்கு முன்னால் பூச்செடி நட இடம் வேண்டும் என்றும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டோம். அவர் சற்றுத் தயங்கினார், பிறகு எழுதினார். மனுவை வாசித்துக் காட்டியபோது, கோயிலிலிருந்து திரும்பியிருந்த அந்த மூதாட்டி அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு பேத்தியின் பேனாவை வாங்கித் தம் பெயரை மெதுவாக, கோணல் விழாமல் எழுதினார்.